கொழும்புத் தொடர்மாடிகளில் பொதிகளை யார் பொறுப்பேற்பது? பதிவேடு, செயலி, பொதி அறை, மின்னணுப் பெட்டகம்: ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளிலுள்ள தொடர்மாடிகளின் முகாமைக் குழுக்களில் இருக்கும் வாசகர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்கிறார்கள். வாசல் மேசையில் குவியும் பொதிகளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அதற்கு, குறியீட்டை அழுத்தித் திறக்கும் பல சிறு கதவுகள் கொண்ட மின்னணுப் பெட்டகம் வாங்குவதா, காவலருக்குச் செயலி ஒன்றைக் கொடுப்பதா, கீழ்த்தளத்தில் அறையொன்றை ஒதுக்குவதா, இருக்கும் பதிவேட்டையே திருத்திக்கொள்வதா? விற்பனையாளர் காட்டும் விளக்கங்களில் பெட்டகமே எப்போதும் முதலிடத்தில் நிற்கும். சிங்கப்பூரிலும் ஜேர்மனியிலும் அது வெற்றி பெற்ற முறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கெல்லாம் பொதி வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பில் பெரும்பாலும் அப்படியில்லை. இந்த ஒரு வேறுபாடு பெட்டகம் பற்றிய கணக்கை எவ்வளவு மாற்றுகிறது என்பதைப் பார்க்காமல் முடிவெடுத்த குழுக்கள், நல்ல நிறத்தில் ஒரு தளபாடத்தை வாங்கி வைத்துவிட்டு, பொதிகளைத் தொடர்ந்து காவலர் மேசைக்குக் கீழேயே வைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பதிவேடும் செயலியும் தகவலைக் காப்பவை. அறையும் பெட்டகமும் பொருளைக் காப்பவை. ஆகவே உண்மையில் நடக்கும் தெரிவு, ஒரு பதிவு முறைக்கும் ஒரு வைப்பு முறைக்கும் இடையே எந்தச் சேர்க்கை பொருந்தும் என்பதாகவே இருக்கும்.

## எவற்றை வைத்து அளப்பது

முதலாவது அளவுகோல் பணம். இலங்கையில் இணைய வணிகம் வளர்ந்தது, பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுக்கும் சி.ஓ.டி. முறையை நம்பித்தான். டராஸில் வாங்கினாலும், பேஸ்புக் பக்கம் நடத்தி உடுப்பு விற்பவரிடம் வாங்கினாலும், தபால் திணைக்களத்தின் ஊடாக வந்தாலும் இந்த முறை உண்டு. சி.ஓ.டி. பொதியைக் கொண்டுவரும் கூரியர்காரர் பணம் இல்லாமல் பொதியை விட்டுச் செல்லமாட்டார். அந்தப் பணத்துக்கு மாலையில் தன் அலுவலகத்தில் அவரே கணக்குக் காட்ட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யாரோ ஒருவர் பணத்தைக் கொடுத்தாக வேண்டும், அல்லது பொதி திரும்பிப் போகும். காவலரிடம் கடித உறையில் காசு வைத்துச் செல்லும் வழக்கம் பல கட்டடங்களில் இருக்கிறது. வசதியானதுதான், ஆனால் மீதிக்காசில் ஐம்பது ரூபா குறைந்தால் வரும் மனக்கசப்பை எந்தத் தொழில்நுட்பமும் தீர்க்காது. இதைவிடப் பெரிய ஆபத்து, யாரும் கேட்காத பொதியொன்றைக் கொண்டுவந்து, சிறிய தொகையைச் சொல்லி, காவலரிடம் வாங்கிச் செல்லும் மோசடி. சில ஆயிரம் ரூபா என்பதால் அதைப் பின்தொடர்ந்து முறையிட யாரும் மெனக்கெடுவதில்லை.

இரண்டாவது, பொறுப்பு கைமாறும் கணம். காவலர் கையொப்பமிட்டதும், கூரியர் நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பொதி ஒப்படைக்கப்பட்டதாகிவிடும். அதற்குப் பின் உடைந்தாலும் காணாமற் போனாலும் விற்பவரிடம் முறையிடுவது கடினம். பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான காலமும் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று நாட்கள் மேசைக்கடியில் கிடந்த பொதிக்கு, அந்த மூன்று நாட்களும் திருப்பி அனுப்பும் காலத்திலிருந்து கழிந்துவிடும். காவலரோ பெரும்பாலும் கட்டடத்தின் நேரடி ஊழியர் அல்லர். ஒப்பந்த நிறுவனமொன்றின் ஊழியர். அந்த ஒப்பந்தத்தில் பொதிகளைப் பெற்று வைத்திருப்பது அவருடைய கடமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதப்படாவிட்டால் அவர் செய்வது உதவி. உதவிக்கு இழப்பீடு கேட்க முடியாது.

மூன்றாவது, கட்டடத்தில் யார் வாழ்கிறார்கள் என்பது. இவ்விடயத்தில் கொழும்புத் தமிழர் வாழும் தொடர்மாடிகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார்கள்; தாயும் தகப்பனும் ஏழாம் மாடியில் இருப்பார்கள். பிறந்தநாளுக்கு கேக், மாதத்துக்கு ஒருமுறை மளிகைச் சாமான், இடையில் மருந்து என்று வெளிநாட்டிலிருந்து கட்டளை வரும். பெறுபவருக்கு அது வருவதே தெரியாது. தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் பெட்டகத்தின் தொடுதிரையில் அழுத்துமாறு எழுபத்தைந்து வயது அம்மாவிடம் சொல்வது, அவர் பார்வையில் சேவையைக் கூட்டுவதாகாது, குறைப்பதாகும். இன்னொரு புறம், உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கத்துடனேயே தங்கியிருந்தால், உள்ளூர்க் குறுஞ்செய்தியை நம்பிய முறை அவருக்கு வேலை செய்யாமற் போகலாம்.

நான்காவது, மின்சாரமும் கடற்காற்றும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதாக அமைச்சர் விளக்கமளித்ததையும் மறந்துவிட்டு இங்கே எந்த மின்னணுச் சாதனத்தையும் வாங்கக் கூடாது. மெரின் டிரைவை ஒட்டிய கட்டடங்களில் உப்புக்காற்று கதவுக் கீல்களையே சில ஆண்டுகளில் தின்றுவிடுகிறது.

ஐந்தாவது, தரவு. பெயர், வீட்டிலக்கம், தொலைபேசி இலக்கம், எந்த மருந்தகத்திலிருந்து பொதி வந்தது என்ற விவரம் ஆகியவை எல்லாம் தனிப்பட்ட தரவுகளே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டதால், முகாமைக் குழுக்கள் இனிமேல் இதைச் சில்லறை விடயமாக ஒதுக்க முடியாது. இந்நகரத்துத் தமிழருக்குப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொடுப்பது புதிய அனுபவமல்ல. அந்த நினைவு இருப்பவர்கள், தேவைக்கு மேல் ஒரு நிரலையும் சேர்க்காத முறையையே விரும்புவார்கள்.

ஆறாவது, ஐந்து ஆண்டுச் செலவு. கொள்விலையைப் பார்த்து முடிவெடுப்பது இவ்விடயத்தில் எப்போதும் தவறாகவே முடியும்.

## வாங்குவதற்கு முன் எண்ணுங்கள்

இரண்டு வாரங்களுக்குக் காவலர் மேசையில் ஒரு தாளை வைத்து, ஒவ்வொரு பொதிக்கும் நான்கு விடயங்களை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: வந்த நேரம், எடுத்த நேரம், சி.ஓ.டி. ஆ முன்பணம் செலுத்தியதா, ஒரு சப்பாத்துப் பெட்டியைவிடப் பெரியதா. ஒரு நாளில் வரும் பொதிகளின் எண்ணிக்கையை அவை சராசரியாகக் காத்திருக்கும் நாட்களால் பெருக்கினால், ஒரே நேரத்தில் எத்தனை பொதிகளுக்கு இடம் வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

கணக்குக்காக 60 வீடுகளுள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 18 பொதிகள் வருகின்றன, பாதி சி.ஓ.டி.; எஞ்சிய 9 பொதிகள் சராசரியாக ஒன்றரை நாள் காத்திருக்கின்றன என்றால், 13 அல்லது 14 இடங்கள் போதும். இணையக் கடைகளின் நவம்பர் 11 விற்பனை வாரத்திலோ சித்திரைப் புத்தாண்டுக்கு முன்போ வரவு இரட்டித்தால் 27 இடங்கள் தேவைப்படும். அந்த உச்சத்துக்காக 30 அறைகள் கொண்ட பெட்டகம் வாங்கினால், ஆண்டின் பெரும்பகுதியில் அதில் பாதி வெறுமையாக நிற்கும். சராசரிக்காக 14 அறைகள் வாங்கினால், உச்ச வாரத்தில் பொதிகள் மீண்டும் மேசைக்கடியில் போகும். அலுமாரித் தட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, நெருக்கி அடுக்கலாம். அதே கணக்கில் இன்னொரு வழியும் தெரியும்: காத்திருக்கும் நேரத்தை ஒன்றரை நாளிலிருந்து முக்கால் நாளாகக் குறைத்தால், ஒரு சதமும் செலவின்றித் தேவையான இடம் பாதியாகிவிடும். பொதி வந்ததும் உடனே தகவல் கிடைப்பதே அதற்கான வழி.

## திருத்திய பதிவேடு

இப்போது பெரும்பாலான கட்டடங்களில் இருப்பது ஒரு கொப்பி. அதில் குழப்பம் வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பெயரை வைத்துப் பொதியை அடையாளம் காண்பது. ஒரே கட்டடத்தில் எஸ். சிவகுமார் என்று மூவர் இருப்பார்கள். காவலர் சிங்களத்தில் எழுதுவார், பொதியில் ஆங்கிலத்தில் இருக்கும், பெறுபவர் தமிழில் கையொப்பமிடுவார். வீட்டிலக்கத்தை மட்டுமே அடையாளமாக வைத்து, இணையத்தில் வாங்கும்போது முகவரியில் அதை ஒரே வடிவத்தில் எழுதுமாறு எல்லா வீடுகளுக்கும் சொல்லிவிட்டால், தவறான வீட்டுக்குப் போகும் பொதிகளில் பெரும்பகுதி நின்றுவிடும். இரண்டாவது, எடுத்துச் சென்றவரின் கையொப்பம் இல்லாமை. மூன்றாவது, பகல் காவலரும் இரவுக் காவலரும் மாறும்போது இருப்பிலுள்ள பொதிகளை எண்ணி ஒப்படைக்காமை.

இவற்றைத் திருத்த வேண்டியவை: அச்சிட்ட நிரல்கள் கொண்ட பதிவேடு, ஒவ்வொரு பொதியிலும் ஒட்டும் இலக்கச் சீட்டு, பூட்டக்கூடிய ஓர் அலுமாரி, கடமை மாறும்போது கையொப்பம். மின்வெட்டு இதைப் பாதிக்காது. முதியவருக்குக் காவலரே உள்ளகத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் நனைந்த பொதியை வாங்க மறுக்கவும் அவரால் முடியும்.

மறைந்த செலவு காவலரின் கவனம். பொதி எழுதும் நேரத்தில் வாசலை யார் பார்ப்பது? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் பல கட்டடங்கள் வெளியாரை மேலே விடாமல் வாசலிலேயே நிறுத்தத் தொடங்கின. அதன் விளைவாக எல்லாப் பொதியும் ஒரே மேசையில் வந்து சேர்கிறது. நாளொன்றுக்குப் பத்துப் பொதிகள் வரை ஒரு காவலர் தாக்குப்பிடிப்பார் என்பது என் மதிப்பீடு. அதற்கு மேல் போனால் பதிவேடு நிரம்பாது, அல்லது வாசல் கவனிக்கப்படாது.

இது பொருந்தும் இடம்: இருபது, இருபத்தைந்து வீடுகள் வரையுள்ள, காவலர் நீண்டகாலம் மாறாத, எல்லோரும் எல்லோரையும் அறிந்த கட்டடம். அத்தகைய கட்டடத்துக்கு வேறெதையும் வாங்குமாறு நான் சொல்லமாட்டேன்.

## காவலர் கையில் செயலி

இந்திய நகரங்களில் இது பரவலாகிவிட்டது. 2016இல் பெங்களூரில் தொடங்கிய மைகேட் போன்ற செயலிகளில், வாசலுக்கு ஆள் வந்ததும் காவலர் வீட்டிலக்கத்தைப் பதிவார். குடியிருப்பாளரின் கைத்தொலைபேசிக்கு அறிவிப்புப் போகும். அவர் மேலே அனுப்பு என்றோ வாசலில் வாங்கி வை என்றோ பதிலளிப்பார். பொதியின் படம், நேரம், எடுத்துச் சென்றவர் விவரம் எல்லாம் பதிவாகும்.

இதன் மிகப் பெரிய நன்மை சி.ஓ.டி. விடயத்தில்தான். அறிவிப்பைக் கண்டதும் குடியிருப்பாளர் அலுவலகத்தில் இருந்தபடியே கூரியர்காரருடன் பேசி, அந்த நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமானால் லங்காகியூஆர் என்ற கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறை வழியாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ பணத்தைச் செலுத்திவிடலாம். காவலர் காசைத் தொடவே தேவையில்லை. தான் எதையும் கட்டளையிடவில்லை என்றால் அந்த இடத்திலேயே மறுக்கலாம். மேலே சொன்ன மோசடிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பெட்டகத்தால் செய்ய முடியாத வேலை இது.

மறைந்த செலவுகள் பல. காவலருக்கு ஒரு நல்ல தொலைபேசி, மாதாந்தத் தரவுப் பொதி, அது உடைந்தால் இன்னொன்று ஆகியவை சிறியவை. பெரியது பயிற்சி. காவல் நிறுவனங்கள் ஆட்களை அடிக்கடி மாற்றும். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த யாராவது கடைசியில் குழுவின் செயலாளராகவே இருப்பார். காவலருக்கான திரை சிங்களத்திலும் தமிழிலும் இல்லாவிட்டால், செயலி எவ்வளவு சிறந்ததாயினும் இரண்டாம் மாதத்தில் கொப்பி திரும்பி வந்துவிடும். கட்டணம் டொலரில் குறிக்கப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். 2022இன் முதல் அரையாண்டில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, டொலர்ச் சந்தாக்கள் எதுவுமே மாறாமல் ரூபாவில் பெருமளவு கூடின. ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவுகளை உங்களால் எடுத்துக்கொள்ள முடியுமா, அவை எங்கே சேமிக்கப்படுகின்றன, எத்தனை மாதங்களில் அழிக்கப்படும் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

செயலிக்குப் பதிலாக வாட்ஸ்அப் குழுவில் பொதிகளின் படத்தைப் போடும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசம் என்பது உண்மை. ஆனால் நான்காம் மாடிக்காரருக்கு எந்த மருந்தகத்திலிருந்து என்ன வருகிறது என்பது பத்தாம் மாடி வரை தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பும் ஏற்பாடாக இருந்தால், முப்பது வீடுகள் வரை இது செயலியின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். எழுதி வைத்த பதிவாக மட்டும் இதை நம்பக் கூடாது.

இது பொருந்தும் இடம்: வேலைக்குப் போகும் இளங்குடும்பங்களும் வாடகைக்கு இருப்போரும் அதிகமுள்ள, சி.ஓ.டி. பொதிகள் அதிகம் வரும் கட்டடம்.

## பொதி அறை

கீழ்த்தளத்தில் சாரதிகளுக்கான அறை, பழைய பொருட்கள் அடைந்து கிடக்கும் களஞ்சியம், வரவேற்புக் கூடத்தின் ஒரு மூலை என்று ஏதோ ஓரிடம் பல கட்டடங்களில் பயன்படாமல் இருக்கும். அதில் மாடி வாரியாகத் தட்டுகள் அமைத்து, குறியீட்டுப் பூட்டும் ஒரு கண்காணிப்புக் கமராவும் பொருத்தினால் பொதி அறை தயார். அரிசி மூட்டை, நிற்கும் மின்விசிறி, வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய கார்கோ பெட்டி என்று பெட்டகத்தில் நுழையாத எல்லாவற்றையும் இங்கே வைக்கலாம். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வருபவரும் தானே எடுத்துக்கொள்ளலாம்.

இதன் பலவீனம் வெளிப்படையானது: உள்ளே போகும் ஒருவருக்கு எல்லோருடைய பொதியும் கைக்கெட்டும். கமரா திருட்டைத் தடுப்பதைவிடத் தவறுதலாக எடுத்துச் சென்றதைக் கண்டுபிடிக்கவே அதிகம் பயன்படும். பெறுமதியான பொதிகளுக்கு அறைக்குள் பூட்டக்கூடிய சிறு அலுமாரி ஒன்றை வைத்து, அதன் சாவியைக் காவலரிடம் விடுவது இரண்டையும் சமாளிக்கும். பூட்டின் குறியீடு மாதந்தோறும் மாற வேண்டும். வீட்டுப் பணியாளர்களும் முன்னாள் வாடகைக்காரர்களும் அதை அறிந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

மறைந்த செலவுகளில் முதலாவது சட்டம் சார்ந்தது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடத்தில், பொதுப் பகுதிகள் எல்லா உரிமையாளர்களுக்கும் உரியவை. அவற்றை நிருவகிப்பது அந்த உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் வேலை. அனுமதி பெற்ற வரைபடத்தில் வேறொரு தேவைக்கென்று காட்டப்பட்ட இடத்தை நிரந்தரமாக மாற்றுவதற்கு முன், பொதுக்கூட்டத் தீர்மானமும், ஐயமிருந்தால் தொடர்மாடிகளுக்கான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையின் ஆலோசனையும் அவசியம். படிக்கட்டின் அடிப்பகுதியும் தீத்தப்பும் வழியும் எந்தக் காரணத்துக்காகவும் பொதி வைக்கும் இடமாகக் கூடாது. அட்டைப் பெட்டிகள் எரியும் வேகத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது செலவு ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை என்று ஆண்டின் பாதிக்கு மேல் கீழ்த்தளத்துச் சுவர் வியர்க்கும் நகரம் இது. தரையிலிருந்து ஓரடியாவது உயரத்தில் முதல் தட்டு, காற்று வெளியேற்றும் விசிறி ஆகியவை இல்லாவிட்டால் பொதிகள் பூஞ்சணம் பிடிக்கும். உணவுப் பொருட்களை அங்கே வைத்தால் எலிகளுக்கு விருந்து.

மூன்றாவது, யாரும் எடுக்காத பொதிகள். உரிமையாளர் வெளிநாட்டில், வாடகைக்காரர் போய்விட்டார், பெட்டி ஆறு மாதமாகத் தட்டில் இருக்கிறது. இத்தனை நாட்களுக்கு மேல் வைத்திருக்கமாட்டோம் என்ற விதி தொடக்கத்திலேயே இல்லாவிட்டால், பொதி அறை மீண்டும் பழைய களஞ்சியமாகிவிடும்.

## மின்னணுப் பெட்டகம்

ஜேர்மனியில் 2001 முதல் பாக்ஸ்டேஷன் என்ற பொதிப் பெட்டகங்கள் இயங்குகின்றன. சிங்கப்பூர் அரசு 2021இல் குடியிருப்புத் தொகுதிகளுக்கு நடந்து போகும் தூரத்தில், எந்த நிறுவனமும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பெட்டகங்களை நாடு முழுவதும் நிறுவியது. அந்தப் பொதுமைதான் முக்கியம்: ஒரே முறை, ஒரே பயிற்சி, எல்லா நிறுவனங்களுக்கும். ஒரு தனிக் கட்டடம் வாங்கும் பெட்டகத்தில் அந்த நன்மை இல்லை. எங்கள் பெட்டகத்தைத் திறக்க, ஒவ்வொரு கூரியர் நிறுவனத்தின் ஒவ்வொரு ஊழியரும் எங்கள் முறையைக் கற்க வேண்டும். நாளொன்றுக்குப் பல பத்துப் பொதிகளைக் கொடுத்து முடிக்க வேண்டிய ஒருவர், மழையில் தலைக்கவசத்துடன் நின்று தொடுதிரையில் வீட்டிலக்கம் தேடிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. காவலர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். காவலரே அதைப் பெட்டகத்தில் வைப்பார். அப்படியானால் பெட்டகம் சேமித்துக் கொடுத்த உழைப்பு என்ன?

சி.ஓ.டி. பொதிகளுக்குப் பெட்டகம் நடைமுறையில் பயன்படாது. பணம் செலுத்தும் வசதியுள்ள வகைகள் உலகில் உண்டு. ஆனால் அந்தப் பணத்தைக் கூரியர் நிறுவனத்தின் கணக்கோடு இணைக்கும் ஏற்பாடு இல்லாத வரை அது வெறும் கூடுதல் பாகம். கேக்கும் சமைத்த உணவும் குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினும் பெட்டகத்துக்குள் போகவே கூடாது. இவற்றையெல்லாம் கழித்த பின் எஞ்சுவது, முன்பணம் செலுத்திய, சிறிய, கெட்டுப்போகாத பொதிகள். அவை உங்கள் இரண்டு வாரக் கணக்கில் எத்தனை என்பதே பெட்டகம் வேண்டுமா என்ற கேள்விக்கான பதில்.

இருந்தாலும் அதன் வலிமையை மறுக்க முடியாது. ஒரு பொதிக்கு ஒரு கதவு, ஒரு குறியீடு, ஒரு நேரப் பதிவு. தவறான ஆள் எடுப்பது ஏறத்தாழ நின்றுவிடும். காவலர் மீது சந்தேகம் விழாது. இது சிறிய விடயமல்ல: காணாமற் போன ஒரு தொலைபேசிக்காகக் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் குற்றம் நிரூபிக்கப்படாமலே மாற்றப்படுவது நம் கட்டடங்களில் நடக்கிறது.

செலவுக்கு வருவோம். உபகரணத்தின் விலைக்கு மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி, பொருத்தும் கூலி, மின் இணைப்பு, இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா, இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்பு ஒப்பந்தம். பூட்டுப் பாகங்களும் திரையும் இறக்குமதியாக வரும்; ஒரு பூட்டு பழுதானால் எத்தனை வாரம் என்பதை விற்பனையாளர் எழுத்தில் தர வேண்டும். மின்சாரம் நின்றால் பெரும்பாலான மின்பூட்டுகள் பூட்டியபடியே நிற்கும் வகையில் அமைந்திருக்கும். கட்டடத்தின் மின்பிறப்பாக்கி எந்தச் சுற்றுகளுக்கு மின் கொடுக்கிறது என்பதைப் பார்த்து, பெட்டகத்தை அதில் இணைக்க வேண்டும். அத்துடன் கையால் திறக்கும் சாவி ஒன்று இருக்க வேண்டும். அந்தச் சாவி யாரிடம் என்பதும் எழுதப்பட வேண்டும். இணையம் இல்லாதபோதும் குறியீட்டைச் சரிபார்க்கும் வகையா என்று கேளுங்கள். கடலோரக் கட்டடமாயின், சாதாரண இரும்பில் வர்ணம் பூசியதைத் தவிர்த்து, துருப்பிடிக்காத உருக்கில் 316 தரத்தைக் கோருங்கள். 304 தரத்தைவிட அதில் உப்பைத் தாங்கும் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது, விலையும் கூடும். கொழும்பு 7இல் உட்புற வரவேற்புக் கூடத்தில் வைக்கும் பெட்டகத்துக்கு அது தேவையில்லை.

இன்னொரு விடயத்தில் குழுக்கள் சண்டையிடுகின்றன: யார் செலுத்துவது? பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் வீட்டின் பரப்புக்கேற்ப அறவிடப்படுவதால், மாதத்துக்கு ஒரு பொதியும் வாங்காத பெரிய வீட்டின் முதியவர், வாரத்துக்கு ஐந்து பொதி வாங்கும் சிறிய வீட்டுக்காரருக்காகச் செலுத்துவார். பொதிக்கு இவ்வளவு என்று அறவிடலாம். ஆனால் உடனே எல்லோரும் காவலர் மேசைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இது பொருந்தும் இடம்: நூறு வீடுகளுக்கு மேல் உள்ள, அட்டையால் முன்பணம் செலுத்துவோர் பெரும்பான்மையாக உள்ள, முழுநேர முகாமையாளரும் நம்பகமான மின்பிறப்பாக்கியும் கொண்ட புதிய கோபுரங்கள்.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | திருத்திய பதிவேடு | செயலி | பொதி அறை | மின்னணுப் பெட்டகம் |
|---|---|---|---|---|
| சி.ஓ.டி. | காவலர் காசைக் கையாள நேரும் | குடியிருப்பாளரே தீர்க்கலாம் | தானாகத் தீராது | ஏறத்தாழப் பயனில்லை |
| மின்வெட்டு | பாதிப்பில்லை | தொலைபேசி மின்கலம் வரை | பூட்டு, கமரா மட்டும் | பெரும் பாதிப்பு |
| முதியோர் | மிக எளிது | காவலர் உதவி தேவை | நடந்து வர வேண்டும் | கடினம் |
| பெரிய பொதி | இடம் இல்லை | தொடர்பில்லை | மிகப் பொருத்தம் | நுழையாது |
| தவறான ஆள் எடுத்தல் | கையொப்பத்தைப் பொறுத்தது | குறைவு | கூடிய வாய்ப்பு | மிகக் குறைவு |
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| தொடர்செலவு | காவலர் நேரம் | சந்தா, பயிற்சி | துப்புரவு, ஒழுங்கு | சந்தா, பழுது, உதிரிப்பாகம் |

இவற்றுக்கு வெளியே இரண்டு வழிகள் உண்டு. கூரியர்காரரை மாடிக்கே அனுப்புவது உணவுக்கும் மருந்துக்கும் இன்றும் சிறந்த முறை. இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பழுதான நாளில் அதன் எல்லை தெரியும். கட்டடம் எதையும் ஏற்காமல், ஒவ்வொருவரும் கூரியர் கிளையிலோ தபாலகத்திலோ போய் எடுத்துக்கொள்வது குழுவுக்கு வசதி, குடியிருப்பாளருக்கு வெயிலில் அலைச்சல்.

## எந்தக் கட்டடத்துக்கு எது

நடுத்தரக் கட்டடங்கள், அதாவது முப்பது முதல் எண்பது வீடுகள் வரையுள்ளவை, கொழும்பில் கேள்வி கேட்போரில் பெரும்பான்மை. அவற்றுக்கு என் தெரிவு செயலியும் சிறிய பொதி அறையும் சேர்ந்தது. செயலி பணத்தையும் அறிவிப்பையும் தீர்க்கிறது. அறை இடத்தைத் தீர்க்கிறது. முதியவரின் பொதிகளை மாலையில் ஒரு முறை மேலே கொண்டுபோய்க் கொடுக்கத் துப்புரவு ஊழியருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் மூன்றாவது அளவுகோலும் நிறைவேறும். இந்தக் கடைசிச் செலவை ஆடம்பரமாகக் கருதும் உறுப்பினர்கள் இருப்பார்கள். பெட்டகத்தின் ஓராண்டுப் பராமரிப்புக்கான விலைக்கோரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பெட்டகம் வேண்டும் என்று பெரும்பான்மை விரும்பினால், முதலில் வாடகை அடிப்படையில் ஓராண்டுக்குக் கேளுங்கள்; அந்த ஓராண்டில் நவம்பர், டிசம்பர், ஏப்ரல் மாதங்கள் அடங்க வேண்டும். விற்பனையாளர் மறுத்தால், அவரே தம் சாதனத்தின் பயன்பாட்டை எவ்வளவு நம்புகிறார் என்பது தெரிந்துவிடும்.

## தீர்மானத்தில் எழுத வேண்டியவை

எந்த முறையைத் தெரிந்தாலும், வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றும் தீர்மானத்தில் சில விடயங்கள் எழுத்திலேயே இருக்க வேண்டும். கட்டடம் ஏற்கும் உச்சப் பெறுமதி என்ன, அதற்கு மேற்பட்ட பொதிகளை உரிமையாளர் நேரில் பெற வேண்டுமா. காவலர் காசு வாங்கலாமா கூடாதா. பொதி வந்த எத்தனையாவது நாளில் நினைவூட்டல், எத்தனையாவது நாளில் திருப்பி அனுப்புதல். பதிவுகளும் கமராப் படங்களும் எத்தனை நாட்களில் அழிக்கப்படும், யார் பார்க்கலாம். காவல் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் திகதிக்கு முன் இதை நிறைவேற்றினால், பொதி ஏற்பை அந்த ஒப்பந்தத்திலேயே கடமையாகச் சேர்க்கலாம். பின்னர் நிறைவேற்றினால் அடுத்த புதுப்பித்தல் வரை காவலரின் தயவில் இருக்க வேண்டும். தீர்மானத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசல் மேசையில் ஒட்டுங்கள். கூரியர்காரரும் வாசிக்கக்கூடிய உயரத்திலும் எழுத்தளவிலும் அது இருக்க வேண்டும். வீட்டிலக்கத்தை எழுதும் முறை அதில் முதல் வரியாக வரட்டும்.